பந்தயம் இல்லாத 33 நாட்கள்

2024 மே 26 அன்று ரோம் நகரில் ஜிரோ டி இத்தாலியா சைக்கிள் பந்தயம் முடிந்தது. ஸ்லோவேனியாவின் ததேய் போகச்சார், இரண்டாம் இடம் பிடித்தவரைவிடக் கிட்டத்தட்டப் பத்து நிமிடம் முன்னிலையில் வென்றார். ஜூன் 29 அன்று ஃபுளோரன்ஸில் டூர் டி பிரான்ஸ் தொடங்கியது. இடையில் 33 நாட்கள். அத்தனை நாட்களிலும் அவர் ஒரு பந்தயத்தில்கூடக் கலந்துகொள்ளவில்லை. ஆனாலும் டூரை வென்றார். ஒரே ஆண்டில் இரண்டையும் வென்றவர், 1998-இல் மார்கோ பந்தானிக்குப் பிறகு முதலில் அவர்தான்.

பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் காலத்தில் ஒரு சாம்பியன் இப்படி ஒரு மாதம் கண்ணில் படாமல் இருக்க முடியாது. மெர்க்ஸ் ஆண்டுக்கு நூறு நாட்களுக்கு மேல் பந்தயத்தில் ஓட்டினார். டூர் முடிந்த கையோடு ஊர் ஊராக நடக்கும் சிறு பந்தயங்களில் முகம் காட்டினால்தான் அன்றைய வீரர்களுக்குக் காசு. பயிற்சிக்கென்று தனியாக நேரம் ஒதுக்க வழியில்லை, பந்தயமே பயிற்சி. இன்றைய முன்னணி வீரர்கள் பலர் அறுபது நாட்களை ஒட்டித்தான் போட்டியிடுகிறார்கள். சோம்பல் காரணமல்ல. பந்தயத்தில் எப்போது எவ்வளவு வேகம் என்பதை எதிராளி முடிவு செய்கிறார். பயிற்சியில் அதைப் பயிற்சியாளர் முடிவு செய்யலாம்.

மூன்று வாரப் பந்தயம் ஒன்றை முடித்த வீரர் முதலில் செய்வது ஓய்வெடுப்பது. ஓரிரு நாள் சைக்கிளைத் தொடாமல் இருப்பார். அப்புறம் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், காபி குடிக்கப் போய் வருவதுபோல ஓட்டுவார். 21 கட்டங்களின் களைப்பு வெறும் கால்வலி அல்ல. எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் நாடித்துடிப்பு வழக்கமான அளவுக்கு ஏற மறுக்கும். அது இயல்புக்குத் திரும்பும்வரை கடும் பயிற்சி தருவது வீண் என்பது பயிற்சியாளர்களுக்குத் தெரியும். அந்த வாரம் வீரருக்குக் குற்ற உணர்ச்சியைத் தரும் வாரம். எதிராளிகள் எங்கோ ஒரு மலையில் ஏறிக்கொண்டிருப்பார்களே என்ற நினைப்பு விடாது.

அதற்குப் பிறகுதான் நீண்ட மணி நேரங்கள் தொடங்கும். வாரத்துக்கு 25 முதல் 30 மணி நேரம் சைக்கிள் மேல். அதில் பெரும்பகுதி, வெளியாட்கள் நினைப்பதற்கு மாறாக, நிதானமான ஓட்டம். ‘ஸோன் 2’ என்று வீரர்கள் சொல்வது இதைத்தான்: மூச்சு வாங்காமல் பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய அளவு. காது மடலில் ஊசியால் குத்தி, ஒரு துளி ரத்தத்தில் லாக்டேட் எவ்வளவு என்று பார்த்து அந்த எல்லையை வகுப்பார்கள். எல்லைக்குள் இருக்கும்வரை தசை பெரிதும் கொழுப்பை எரித்து வேலை செய்கிறது. இப்படி ஐந்து மணி நேரம், நாள் கணக்கில், ஆண்டுக் கணக்கில் ஓட்டினால் தசைச் செல்களில் ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுகின்றன. கடைசி மலைக்கு வேண்டிய மாவுச்சத்துச் சேமிப்பு அதுவரை பத்திரமாக இருக்கிறது.

போகச்சாரின் நிதானம் நம்முடைய நிதானம் அல்ல. ஐந்து மணி நேர ஸோன் 2 ஓட்டத்தில் தான் 320 முதல் 340 வாட் வரை மிதிப்பதாக அவரே சொல்லியிருக்கிறார். தினமும் உடற்பயிற்சி செய்யும் ஒரு சாதாரண ஆளால் அந்த அளவைச் சில நிமிடங்களுக்கு மேல் தாங்க முடியாது.

இந்த வாட் கணக்கு வந்த கதை சுவையானது. 1986-இல் ஜெர்மானியப் பொறியாளர் உல்ரிச் ஷோபெரர், பெடல் பொருத்தும் கிராங்க் பகுதியில் உணரிகளைப் பதித்தார். ஒவ்வொரு மிதிக்கும் அந்த உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அந்த வளைவையும் கிராங்க் சுழலும் வேகத்தையும் அளந்தால் வீரர் செலுத்தும் திறன் வாட் கணக்கில் கிடைத்துவிடும். வேகத்தைக் காற்றும் சரிவும் மாற்றிவிடும். நாடித்துடிப்பைத் தூக்கமின்மையும் வெயிலும் கலைத்துவிடும். வாட் அப்படியல்ல, செய்த வேலையை உள்ளபடி காட்டும். மொனாக்கோவில் வீரர் ஓட்டி முடித்த பயிற்சியை, வேறு நாட்டில் இருக்கும் பயிற்சியாளர் அன்று மாலையே விநாடி விநாடியாகப் பார்க்கிறார். இனி ஏமாற்ற வழியில்லை என்பார்கள். வீரர்கள் பெரும்பாலும் ஏமாற்றுவது எதிர்த்திசையில்: மெதுவாக ஓட்டச் சொன்ன நாளில் வேகமாக ஓட்டிவிடுவார்கள்.

ஜிரோவுக்கும் டூருக்கும் இடையே போகச்சார் போய்த் தங்கியது, பிரான்சின் தென்கிழக்கில் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் இசோலா 2000 என்ற பனிச்சறுக்கு ஊர். மற்ற அணிகள் டெனெரிஃப் தீவின் தெய்தே எரிமலை, ஸ்பெயினின் சியரா நெவாடா, இத்தாலியின் லிவின்யோ என்று போகும். அந்த உயரத்திலும் காற்றில் ஆக்சிஜனின் விகிதம் அதே 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். அதனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன், கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. பற்றாக்குறையை உணர்ந்த சிறுநீரகம் எரித்ரோபொய்டின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது; எலும்பு மஜ்ஜை கூடுதல் சிவப்பணுக்களை உருவாக்குகிறது. இதற்குச் சுமார் மூன்று வாரம் பிடிக்கும் என்பதால்தான் முகாமும் அவ்வளவு நீள்கிறது. முதல் சில நாட்கள் அங்கே வேகம் கூடாது. படி ஏறினாலே மூச்சு இரைக்கும். 2024 டூரின் 19-ஆவது கட்டம் முடிந்ததும் அதே இசோலா 2000-இல்தான். பழகிய அந்தச் சாலையில், முன்னால் போய்க்கொண்டிருந்த அமெரிக்கர் மாட்டியோ ஜார்கென்சனைக் கடைசி இரண்டு கிலோமீட்டர் வாக்கில் கடந்து போகச்சார் வென்றார்.

எரித்ரோபொய்டின் என்ற பெயரைச் சுருக்கி ஈபிஓ என்றால் பலருக்குப் பழைய நினைவு வரும். 1990-களில் சைக்கிள் வீரர்கள் பலர் இதையே ஊசியில் ஏற்றிக்கொண்டார்கள். பந்தயங்களுக்கு இடைப்பட்ட வாரங்களே அதற்கு ஏற்ற காலம் என்பதால், ஊக்கமருந்துச் சோதனையாளர்களும் அந்த வாரங்களில் தேடி வருகிறார்கள். சோதனைப் பட்டியலில் உள்ள வீரர், ஒவ்வொரு நாளும் காலை 5 மணிக்கும் இரவு 11 மணிக்கும் இடையில் ஒரு மணி நேரம் தான் எங்கே இருப்பார் என்று முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். 12 மாதத்தில் மூன்று முறை தவறினால் தடை.

டென்மார்க்கின் மைக்கேல் ராஸ்முசன் 2007-இல் இதில்தான் சிக்கினார். ஜூன் மாதம் மெக்சிகோவில் இருந்ததாக அவர் சொல்லியிருந்தார். இத்தாலியத் தொலைக்காட்சி வர்ணனையாளரும் முன்னாள் வீரருமான டேவிடே கஸ்ஸானி, அந்த மாதம் டோலமைட் மலைகளில் மழையில் தனியாகப் பயிற்சி செய்த ராஸ்முசனைப் பார்த்ததாகச் சொன்னார். பாராட்டாகத்தான் சொன்னார்! அந்த ஆண்டு டூரில், முன்னிலை வீரருக்கான மஞ்சள் ஜெர்சியோடு 16-ஆவது கட்டத்தை வென்ற அன்றிரவே, சொந்த அணியே ராஸ்முசனைப் பந்தயத்திலிருந்து விலக்கியது. பல ஆண்டுகள் ஊக்கமருந்து எடுத்ததை 2013-இல் அவர் ஒப்புக்கொண்டார்.

மலை முகாமோடு இப்போது வெப்பப் பயிற்சியும் சேர்ந்திருக்கிறது. ஓட்டம் முடிந்தபின் மின்விசிறி இல்லாத அறையில், உடை மேல் உடை அணிந்து, நிலையாகப் பொருத்திய சைக்கிளை மிதித்து வியர்க்கிறார்கள். நார்வே ஆய்வாளர் பென்ட் ரோன்னஸ்டாடின் குழு, வாரக்கணக்கில் இப்படிச் செய்தால் ஹீமோகுளோபின் அளவு கூடுவதைக் காட்டியது. வயிற்றுக்கும் தனிப் பயிற்சி உண்டு. பந்தயத்தில் மணிக்கு 120 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நானூறு கிராமுக்கு மேல் வெந்த சோற்றை ஒவ்வொரு மணி நேரமும் சாப்பிடுவதற்குச் சமம். பழக்காத வயிறு அதைத் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே ஜெல்லும் சர்க்கரைக் கரைசலுமாகப் பயிற்சி நாட்களிலேயே பழக்குகிறார்கள்.

கடைசி நாட்களில் ஓட்டும் நேரம் குறையும், கடுமை குறையாது. சிலர் ஸ்கூட்டருக்குப் பின்னால் ஒட்டி ஓட்டிப் பந்தய வேகத்தைக் காலுக்கு நினைவூட்டுவார்கள்.

இவ்வளவு திட்டமிட்டும் ஒரு நொடியில் எல்லாம் போய்விடலாம். 2024 வசந்தத்தில் பெல்ஜியத்தின் வவுட் வான் ஆர்ட், மிலன்-சான் ரெமோ போன்ற பெரிய பந்தயத்தையே விட்டுவிட்டுத் தெய்தேயில் முகாமிட்டார். இறங்கி வந்து மார்ச் 27 அன்று ஓட்டிய பந்தயத்தில் விழுந்து காறையெலும்பும் மார்பெலும்பும் முறிந்தன. எதற்காக மலையேறினாரோ அந்த ஃபிளாண்டர்ஸ், ரூபே பந்தயங்கள் இரண்டும் கைநழுவின.

அதே வசந்தத்தில் டென்மார்க்கின் ஜோனாஸ் விங்கேகார் ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் விழுந்தார். நுரையீரலில் காயம், எலும்பு முறிவு, 12 நாள் மருத்துவமனை. அதன்பின் ஒரு பந்தயமும் ஓட்டாமல், பயிற்சியை மட்டும் நம்பி நேராக டூருக்கு வந்தார். லியோரானில் முடிந்த 11-ஆவது கட்டத்தில், கடைசி மீட்டர்களில் போகச்சாரை முந்தி வென்றார். பந்தயம் ஓட்டாததால் கூர்மை குறையும் என்ற பழைய வாதம் அன்று எடுபடவில்லை. அவரிடம் குறைந்தது வேறு: மருத்துவமனைக் கட்டிலில் போன நாட்களின் நீண்ட, நிதானமான மணி நேரங்கள். பிரனீஸ் மலைகளில் அது வெளிப்பட்டது. நீஸ் நகரில் பந்தயம் முடிந்தபோது அவர் இரண்டாம் இடம், 6 நிமிடம் 17 விநாடி பின்னால்.