முதல் நிமிடமும் முதல் மிடறும்

நெகிரி செம்பிலானின் தலைநகரான சிரம்பானில் உள்ளது ரஹாங். ஒரு காலத்தில் சுற்றுவட்டார ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழர் பலர், பின்னாளில் சிரம்பான் நகரத் தாமான்களில் குடியேறினர். அவர்களுள் பலர் இன்று தாத்தா பாட்டிகள். அத்தகைய வீடொன்றில் முதியவர் ஒருவர் திடீரெனச் சரிந்தால், "வெறும் களைப்புதான், கொஞ்சம் கோப்பி கொடுங்கள்" என்று யாராவது சொல்லக்கூடும். அன்போடு கொடுக்கும் அந்த ஒரு மிடறே அவருக்கு ஆபத்தாக முடியலாம்.

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ பக்கவாதம் ஏற்படுகிறது. பெரிய குழாய் ஒன்று அடைபட்டால், ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன. வாய் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை இதன் முக்கிய அறிகுறிகள். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் உடனே 999 எண்ணை அழைக்க வேண்டும். நோயாளி கடைசியாக நலமாக இருந்த நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஏனெனில், அடைப்பைக் கரைக்கும் ஊசிமருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். மூளையில் இரத்தக் கசிவு இல்லை என்பதை ஸ்கேன் உறுதிப்படுத்திய பின்னரே அது கொடுக்கப்படும். சிரம்பானிலேயே துவாங்கு ஜாஃபார் மருத்துவமனை உள்ளது. எனவே, தொலைவைவிட நமது தயக்கமே பெரிய தடை.

மருத்துவமனையில் தாதியர் முதலில் கவனிப்பவற்றுள் ஒன்று, நோயாளியால் விழுங்க முடிகிறதா என்பது. பக்கவாதம் தொண்டைத் தசைகளையும் பாதிக்கலாம். அப்போது நீரோ உணவோ நுரையீரலுக்குள் புகுந்து நிமோனியா காய்ச்சலை உண்டாக்கும். அதனால், சோதனை முடியும்வரை ஒரு மாத்திரைகூட வாய்வழியே கொடுக்கப்படுவதில்லை.

இத்தகைய எளிய கவனிப்பின் பயனை ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வொன்று காட்டியது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 19 மருத்துவமனைகளில் நடந்த அவ்வாய்வின் முடிவு 2011-இல் வெளிவந்தது. சில மருத்துவமனைகளின் தாதியர், காய்ச்சல், இரத்தத்தில் சர்க்கரை, விழுங்கும் திறன் ஆகிய மூன்றையும் முறையாகக் கவனிக்கப் பயிற்சி பெற்றனர். 90 நாள்களுக்குப் பின், அங்கே இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழும் நிலையை அடைந்தவர்களும் 42 விழுக்காட்டினர். மற்ற மருத்துவமனைகளில் அது 58 விழுக்காடாக இருந்தது. புதிய மருந்தோ விலையுயர்ந்த கருவியோ இதற்குத் தேவைப்படவில்லை.

மருத்துவர், தாதியர், உடற்பயிற்சிச் சிகிச்சையாளர், பேச்சுச் சிகிச்சையாளர் ஆகியோர் ஒரே குழுவாகச் செயல்படும் தனிப் பிரிவுகளில் நோயாளிகள் நன்றாகத் தேறுகின்றனர். முதியவர்களுக்கும் இப்பயன் கிடைக்கிறது. ஆகவே, "வயதாகிவிட்டது, இனி என்ன செய்வது?" என்று கைவிடுவது தவறு. அதற்காக அவசரப்படவும் கூடாது. மலேசியா உட்பட ஐந்து நாடுகளில் 2,104 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2015-இல் வெளிவந்தது. முதல் நாளிலேயே தொடங்கி அடிக்கடி எழுப்பி நீண்ட நேரம் பயிற்சி அளிப்பதைவிட, அளவான பயிற்சியே நல்லது என அது உணர்த்தியது.

சிகிச்சை வீட்டிலும் தொடர வேண்டும். பக்கவாதத்திலிருந்து மீண்ட ஜெனட் இயோ, 1996-இல் மலேசியத் தேசியப் பக்கவாதச் சங்கமான நாசாமைத் தொடங்கியது இத்தேவையை உணர்ந்தே.

தமிழ் மட்டுமே அறிந்த பாட்டியின் பேச்சு குழறுகிறதா என்பதைப் பிறமொழிச் சிகிச்சையாளரைவிடப் பேரப்பிள்ளையே எளிதில் உணர்வார். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிலிருந்து பேணுபவரையும் மருத்துவத்தின் ஒரு பகுதியாகவே வள்ளுவர் கூறினார். அந்த நான்காம் இடம் நம் ஒவ்வொருவருக்கும் உரியது.