கழிவுநீரைத் தெளிய வைக்கும் உயிர்கள்

மலேசியாவில் கழிவுநீர் நிலையம் கட்டுகிறவர்கள் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 225 லிட்டர் என்று கணக்குப் போடுகிறார்கள். கழிப்பறை, குளியலறை, சமையலறை மூன்றிலிருந்தும் வருவது இது. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் வெறும் தண்ணீர். மலம், சோப்பு, எண்ணெய், சோற்றுப் பருக்கை எல்லாம் மிச்சமிருக்கும் சிறு பங்குக்குள் அடங்கிவிடும். ஆற்றைக் கெடுக்க அதுவே போதும். அழுகும் பொருளைத் தின்னும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவையும் சேர்த்துத் தீர்த்துவிடுவதால் மீன்கள் மூச்சு முட்டிச் சாகின்றன. ஈப்போ நகருக்குள் ஓடும் பாரி ஆறும் பிஞ்சி ஆறும் கிந்தா ஆற்றில் கலக்கின்றன. கிந்தா போய்ப் பேராக் ஆற்றில் சேர்கிறது. ஊருக்குள் விட்ட அழுக்கு ஊரோடு நிற்பதில்லை.

ஆற்றில் நடக்கும் அதே தீனியைத் தொட்டிக்குள் நடத்தி முடித்து, பிறகு தண்ணீரை ஆற்றில் விடுவதுதான் சுத்திகரிப்பு நிலையத்தின் வேலை.

தாமான் வீடுகளின் கழிவுநீர் நிலத்தடிக் குழாய்களில் சரிவாக ஓடிவருகிறது. சரிவு போதாத இடத்தில் பம்ப் வைத்துத் தள்ளுகிறார்கள். நிலையத்தின் வாசலில் இரும்புக் கம்பித் தடுப்பு நிற்கும். பெம்பர்ஸ், பிளாஸ்டிக் பை, ஈரத் திசுத்தாள் எல்லாம் அதில் மாட்டிக்கொள்ளும். கழிப்பறையில் போடலாம் என்று பாக்கெட்டில் அச்சடித்த திசுத்தாள்கூட அநேகமாக முழுசாகவே வந்து சேரும். அடுத்த தொட்டிகளில் மணல் அடியில் தங்க, எண்ணெய் மேலே மிதக்க, இரண்டையும் பிரித்தெடுக்கிறார்கள்.

இதுவரை நடந்தது பொறுக்கும் வேலை. கரைந்து கிடக்கும் அழுக்கைக் கம்பியும் வலையும் பிடிக்காது. அதற்குத்தான் காற்றூட்டும் தொட்டி. அடியில் பதித்த குழாய்களின் வழியே காற்று பொங்கிக்கொண்டே இருக்க, கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் அழுக்கைத் தின்று பெருகித் திட்டுத் திட்டாகச் சேர்கின்றன. மலேசியாவில் பரவலாக உள்ள நீண்டநேரக் காற்றூட்டு முறையில் தண்ணீர் இந்தத் தொட்டியில் 18 முதல் 24 மணி நேரம் வரை இருக்கும். நிலையத்தின் மின்கட்டணத்தில் பெரும்பகுதி காற்று ஊதுவதற்கே போகிறது.

அடுத்தது தெளிவுத் தொட்டி. அங்கே காற்று கிடையாது, கலக்கலும் கிடையாது. திட்டுகள் அடியில் படியும். தெளிந்த நீர் விளிம்பில் வழியும். படிந்த கசட்டில் ஒரு பங்கைத் திரும்பவும் காற்றூட்டும் தொட்டிக்கே அனுப்புகிறார்கள். நேற்றைய தயிரை இன்றைய பாலுக்கு உறை ஊற்றுவது போலத்தான். 1914இல் மான்செஸ்டரில் ஆர்டர்ன், லாக்கெட் இருவரும் வெளியிட்ட இந்த முறைதான் இன்றும் உலகெங்கும் ஓடுகிறது.

கசடு நலமாக இருக்கிறதா என்று பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. காற்றூட்டும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் மொண்டு கண்ணாடி உருளையில் ஊற்றி, 30 நிமிடம் அசையாமல் வைப்பார்கள். சாக்லேட் நிறத்தில் திரண்டு இறங்கி, மேலே நீர் தெளிந்து, மண்வாசம் அடித்தால் நல்லது. கறுத்து நாறினால் காற்றுப் போதவில்லை. இறங்காமல் பஞ்சாக மிதந்தால் இழை இழையாக வளரும் பாக்டீரியா மிஞ்சிவிட்டது என்று சந்தேகப்படலாம்.

வெளியேறும் நீருக்கு 2009ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் விதிகள் இரண்டு தரம் வகுத்திருக்கின்றன. கரிமக் கழிவு எவ்வளவு பிராணவாயுவைத் தின்னும் என்பதே முக்கிய அளவுகோல். வரும் கழிவுநீரில் அது லிட்டருக்குச் சுமார் 250 மில்லிகிராம். குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே ஆற்றில் விடுவதானால் 20க்குள் இறங்க வேண்டும். மற்ற இடங்களில் 50.

காற்றூதும் இயந்திரம் இல்லாமலும் சுத்திகரிப்பு நடக்கும். ஆழமில்லாத அகன்ற குளத்தில் தேக்கி வைத்தால் வெயிலில் வளரும் பாசியே பிராணவாயு தரும். ரப்பர்த் தோட்டத் தொழிற்சாலைகளின் புளித்த நீருக்கும் இப்படிக் குளங்களே வெட்டினார்கள். 1978இல் ரப்பர் ஆலைக் கழிவுக்கென்றே தனி விதி வந்தது. ஆனால் குளத்துக்கு இடம் நிறைய வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தாமான்களாக மாறி நிலத்தின் விலை ஏறிய பிறகு இயந்திர நிலையங்களே கட்டுப்படியாகின்றன.

பொதுக்குழாய் எட்டாத பழைய வீடுகளுக்கும் தோட்டத்து வீடுகளுக்கும் செப்டிக் தொட்டிதான். அது பாதி வேலையே செய்யும்: கெட்டிப்பொருள் அடியில் தங்கும், கரைந்த அழுக்கில் பெரும்பகுதி வெளியே போய்விடும். பல பழைய வீடுகளில் குளியல், சமையல் நீர் தொட்டிக்கே வராமல் நேராக லோங்காங்கில் விழுகிறது. தொட்டி நிறைந்துவிட்டால் அந்தப் பாதி வேலையும் நின்றுபோகும். அதனால்தான் 2 ஆண்டுக்கு ஒருமுறை கசட்டை அள்ளச் சொல்கிறது சட்டம். 1994 முதல் மேற்கு மலேசியாவின் பெரும்பகுதியில் கழிவுநீர்ச் சேவையைக் கவனித்துவரும் இண்டா வாட்டர் முதலான நிறுவனங்களின் லாரிகள் அதை உறிஞ்சி நிலையத்துக்குக் கொண்டுபோகின்றன. நிலையத்தில் மிஞ்சும் கசட்டோடு அதுவும் சேர்ந்து, மணல் படுகையில் காய்ந்தோ இயந்திரத்தில் பிழியப்பட்டோ, கெட்டியான பிறகு அப்புறப்படுத்தப்படுகிறது.