கறுப்பு வெள்ளைக்குள் புகுந்த வண்ணம்

44,33,618.75 ஹெர்ட்ஸ். கலர் டி.வி. பெட்டிகள் நம் வீடுகளுக்குள் வந்த காலத்திலிருந்து, ஆன்டெனா வழியே வந்த வண்ணம் அத்தனையும் இந்த அதிர்வெண்ணில்தான் ஏறி வந்தது. பொறியாளர்கள் இதைக் கலர் சப்கேரியர் என்பார்கள். தசமப் புள்ளிக்குப் பின்னால் நிற்கும் 75 உட்பட, இந்த எண்ணில் ஓர் இலக்கம்கூடத் தற்செயலாக அமைந்ததில்லை.

வண்ண ஒளிபரப்பைப் பற்றி யோசித்தவர்களுக்கு எதிரே மலைபோல நின்றவை, ஏற்கெனவே விற்றுப்போயிருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகள். அமெரிக்காவில் 1951இல் சி.பி.எஸ். நிறுவனம் சுழலும் வண்ணத் தகட்டை வைத்து ஒளிபரப்பு தொடங்கியது. பழைய பெட்டிகளில் அந்தப் படம் தெரியவே தெரியாது. சில மாதங்களிலேயே அது நின்றுபோனது. 1953இல் அங்கே ஒப்புதல் பெற்ற என்.டி.எஸ்.சி. முறை நேர் எதிர் வழியில் போனது: ஒரே ஒளிபரப்பு, அதே சேனல் அகலம், புதிய பெட்டியில் வண்ணம் தெரிய வேண்டும், பழைய பெட்டியில் வழக்கம்போலக் கறுப்பு வெள்ளை தெரிய வேண்டும்.

இதற்கான திறவுகோலை பிரான்சின் ஜார்ஜ் வலான்சி 1938இலேயே கொடுத்திருந்தார். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று படங்களாக அனுப்பாமல், வெளிச்சத்தை ஒரு சிக்னலாகவும் வண்ணத்தைத் தனிச் சிக்னலாகவும் பிரித்துவிடலாம் என்பது அவர் யோசனை. பச்சையில் 58.7 சதவீதம், சிவப்பில் 29.9, நீலத்தில் 11.4 எடுத்துக் கூட்டினால் வெளிச்சம் கிடைத்துவிடும். நம் கண் எந்த நிறத்தை எவ்வளவு பிரகாசமாக உணர்கிறதோ, அந்த விகிதம் இது. பழைய பெட்டிக்கு இது ஒன்றே போதும். வண்ணத்தின் விஷயத்திலோ நம் கண் அவ்வளவு கூர்மையானதல்ல. இலையின் நரம்பு, முகத்தின் சுருக்கம் எல்லாம் நமக்கு வெளிச்ச வேறுபாட்டால்தான் தெரிகின்றன. வண்ணம் ஓரங்களில் கொஞ்சம் கசிந்திருந்தாலும் கண்டுகொள்ள மாட்டோம். அதனால் பின்னர் நம் நாட்டுக்கு வந்த முறையில், வெளிச்சத்துக்கு 5 மெகாஹெர்ட்ஸ் இடம் தந்தவர்கள், வண்ணத்துக்கு ஏறக்குறைய 1.3 மெகாஹெர்ட்ஸ் போதும் என்று முடிவு செய்தார்கள்.

அந்த இடமும் எங்கே இருந்தது? சேனல் முழுவதையும் வெளிச்சமே அடைத்துக்கொண்டிருந்ததே! உண்மையில் அது அடைத்துக்கொள்ளவில்லை என்று கண்டுகொண்டதைத்தான் இந்தத் துறையின் மிக அழகான கண்டுபிடிப்பு என்பேன். நம் முறையில் ஒரு படம் 625 கோடுகள். விநாடிக்கு 25 படங்கள். ஆக 15,625 கோடுகள். ஒரு கோடு பெரும்பாலும் அடுத்த கோட்டைப் போலவே இருக்கும். இப்படித் திரும்பத் திரும்ப வரும் சிக்னலின் ஆற்றல், 15,625இன் மடங்குகளைச் சுற்றியே, சீப்பின் பற்கள்போலத் திரண்டு நிற்கும். நடுவில் இடைவெளிகள். வண்ணச் சிக்னலுக்கும் அப்படியே பற்கள் உண்டு. அவற்றை இந்த இடைவெளிகளில் கோத்துவிட்டார்கள். 15,625ஐ 283¾ஆல் பெருக்கி, 25ஐக் கூட்டிப் பாருங்கள்: முதலில் சொன்ன எண் வரும். கால் பங்கு தள்ளியிருப்பது இடைவெளியில் விழுவதற்காக. அந்த 25, பழைய பெட்டிகளில் வண்ணச் சிக்னல் உண்டாக்கும் நுண்புள்ளிகள் கண்ணை உறுத்தாமல் இருப்பதற்காக.

இந்தக் கோர்வை எப்போதும் கச்சிதமாக அமைவதில்லை. செய்தி வாசிப்பவர் பொடிக்கட்டம் போட்ட சட்டையோ நெருக்கமான கோடு போட்ட புடவையோ அணிந்து வந்தால், அந்தக் கோடுகளின் வெளிச்ச ஏற்ற இறக்கம் சப்கேரியருக்கு அருகில் போய் விழும். பெட்டி அதை வண்ணம் என்று எடுத்துக்கொள்ளும். துணியில் இல்லாத நீலமும் ஆரஞ்சும் நெளிந்து ஓடும். அப்படிப்பட்ட துணிகளை ஸ்டூடியோக்காரர்கள் தவிர்க்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

என்.டி.எஸ்.சி.யில் இன்னொரு தொல்லை இருந்தது. சப்கேரியர் அலையின் உயரம் வண்ணத்தின் அடர்த்தியைச் சொல்லும்; அலை எவ்வளவு முன்பின்னாக வருகிறது என்பது, அதாவது அதன் ஃபேஸ், எந்த வண்ணம் என்பதைச் சொல்லும். வழியில் ஃபேஸ் சற்றே நகர்ந்தாலும் முகம் பச்சையாகிவிடும். ஜெர்மனியில் டெலிஃபுங்கன் நிறுவனத்தின் வால்டர் புரூக் இதற்கு ஒரு மாற்று கண்டார். வண்ணத்தின் ஒரு பகுதியை ஒரு கோடு விட்டு ஒரு கோடு தலைகீழாக அனுப்புவது. பிழை ஒரு கோட்டில் பச்சைப் பக்கம் இழுத்தால் அடுத்த கோட்டில் எதிர்ப்பக்கம் இழுக்கும். இரண்டையும் சராசரி செய்தால் நிறம் சரியாகிவிடும், அடர்த்தி மட்டும் துளி குறையும். 1963 ஜனவரியில் ஹனோவரில் ஐரோப்பிய வல்லுநர்களுக்கு அவர் இதைக் காட்டினார். இதுதான் பால் (PAL) முறை. இந்தியா 1982இல் வண்ணத்துக்கு மாறியபோது எடுத்துக்கொண்டதும் இதையே.

சராசரி எடுக்க வேண்டுமானால், அடுத்த கோடு வரும்வரை முந்தைய கோட்டின் வண்ணத்தை 64 மைக்ரோவிநாடி எங்கேயாவது பிடித்து வைக்க வேண்டும். கம்பியிலேயே அவ்வளவு தாமதம் வேண்டுமென்றால் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் கம்பி தேவைப்படும். வீட்டுப் பெட்டிக்குள் வைக்க மலிவான மெமரி சிப்பும் அன்று கிடையாது. பொறியாளர்கள் கண்ணாடியிடம் போனார்கள். சில சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு கண்ணாடித் துண்டு. அதன் ஓரத்தில் ஒட்டிய பீசோ வில்லை, வண்ணச் சிக்னலை ஒலி அதிர்வாக மாற்றும். நம் காதுக்கு எட்டவே எட்டாத, விநாடிக்கு 44 லட்சம் அதிர்வுகள். அந்த ஒலி கண்ணாடிக்குள் சுவருக்குச் சுவர் மோதி, மொத்தம் சுமார் 16 சென்டிமீட்டர் ஓடி, இன்னொரு வில்லையைத் தொட்டு மறுபடி மின்சாரமாகும். அதற்குள் ஒரு கோடு கடந்திருக்கும். துல்லியமாகச் சொன்னால் 63.943 மைக்ரோவிநாடி. அந்நாளில் நாம் பார்த்த கலர் காட்சிகளின் வண்ணம் ஒரு கணம் கண்ணாடிக்குள் ஒலியாகப் பயணம் செய்துவிட்டுத்தான் திரைக்கு வந்தது. பிற்காலத்தில் சிப்புகள் வந்து அந்தக் கண்ணாடியை ஓய்வுக்கு அனுப்பின.

ஃபேஸை அளக்க ஓர் ஆதாரம் வேண்டுமே! ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால், திரையில் தெரியாத இடத்தில், சப்கேரியரின் பத்து அலைகள் வரும். பெயர் கலர் பர்ஸ்ட். அது வராவிட்டால் பெட்டி வண்ணச் சுற்றையே அணைத்துவிடும். தூத்துக்குடியிலும் ராமேஸ்வரத்திலும் உயரமான ஆன்டெனா கட்டி இலங்கையின் ரூபவாஹினியைப் பார்த்தவர்களுக்கு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த படம் திடீரெனக் கறுப்பு வெள்ளையாவது பழக்கப்பட்ட விஷயமாக இருந்திருக்கும். சிக்னல் தேயும்போது, படம் நிற்கும் முன்பே பர்ஸ்ட் பெட்டியின் பிடியிலிருந்து நழுவிவிடும்.

சப்கேரியரும் பர்ஸ்ட்டும் டிஜிட்டலில் போய்விட்டன. வலான்சியின் பிரிவினை போகவில்லை. உங்கள் கைபேசி எடுக்கும் 1920 × 1080 வீடியோவில் வெளிச்சத்துக்குத்தான் அத்தனை புள்ளிகளும். வண்ணத்துக்குப் பொதுவாக 960 × 540 மட்டுமே, அதாவது நான்கு புள்ளிக்கு ஒரு வண்ண மதிப்பு. கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்தும் வெள்ளை எழுத்தும் வரும் ஒரு வீடியோவை நிறுத்திப் பெரிதாக்கிப் பாருங்கள். வெள்ளை எழுத்தின் விளிம்பு கூராக இருக்கும். சிவப்பின் விளிம்பு கரைந்திருக்கும்.