பாட்டிலின் பின்பக்கத்தைப் படியுங்கள்

சென்னையில் அடையாறு எல்.பி. சாலையிலோ பெசன்ட் நகரிலோ ஏதாவது ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பால் வைத்திருக்கும் குளிர்ப்பெட்டியைப் பாருங்கள். பாக்கெட் மோருக்கும் தயிருக்கும் பக்கத்தில் உயிருள்ள பாக்டீரியா சேர்த்த புரோபயாடிக் பாட்டில்கள், கெஃபிர் என்ற புளித்த பால் பானம், பழ லஸ்ஸி, குடிக்கும் யோகர்ட் என்று வரிசை நீண்டுகொண்டே போகிறது. பெரும்பாலானவற்றின் முன்பக்கம் சொல்வது ஒன்றுதான்: குடலுக்கு நல்லது. சர்க்கரை எவ்வளவு, கிருமிகள் உயிரோடு இருக்கின்றனவா என்பதெல்லாம் பின்பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது. அதுவும் ஆங்கிலத்தில். லேபிளில் ஆங்கிலமோ தேவநாகரி இந்தியோ இருந்தாக வேண்டும். தமிழ் இருந்தால் இருக்கலாம், கட்டாயமில்லை. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் வயிற்றுக்காகத் தேடி வாங்கும் ஒரு பொருளுக்கு இப்படியொரு விதி.

முதலில் சர்க்கரை. 2020-ஆம் ஆண்டின் லேபிள் விதிகளின்படி மொத்தச் சர்க்கரை, சேர்த்த சர்க்கரை இரண்டையும் ஊட்டச்சத்துப் பட்டியலில் தனித்தனியாகக் காட்ட வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பாலிலேயே 100 மில்லிக்கு ஐந்து கிராமுக்குக் கொஞ்சம் குறைவாக லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை இருக்கிறது. ஒரு துளி சீனி போடாத தயிரிலும் மொத்தச் சர்க்கரை நான்கு, ஐந்து கிராம் என்று அச்சாகியிருந்தால் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது அடுத்த வரிக்கு. அங்கே 100 மில்லிக்கு 10 கிராம் என்று இருந்து, பாட்டில் 200 மில்லி என்றால், குடிப்பவர் நான்கைந்து டீஸ்பூன் சீனியை உள்ளே தள்ளுகிறார். சேர்த்த சர்க்கரையும் அதைப் போன்றவையும் நாளுக்குச் சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. ஒரு பழ லஸ்ஸியிலேயே அதில் முக்கால் பங்குக்கு மேல் தீர்ந்துவிடும்.

இதைத் தமிழ்நாட்டில் கூடுதலாகவே கவனிக்க வேண்டியிருக்கிறது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி மையத்தினர் முன்னின்று நடத்தி 2023-இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) இண்டியாப் ஆய்வில் தமிழ்நாட்டின் நீரிழிவு அளவு 14.4 சதவீதம். வயிறு சரியாக வேண்டும் என்று தினமும் ஒரு இனிப்புப் பானத்தைப் பழக்கிக்கொள்வது இந்த ஊரில் அவ்வளவு சாதாரண விஷயமில்லை.

விற்பவர்கள் விளையாடும் இடம் 'குறைந்த சர்க்கரை' என்ற வாசகம். 2018-ஆம் ஆண்டின் விளம்பர, உரிமைகோரல் விதிகளின்படி ஒரு பானம் அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டுமானால் 100 மில்லிக்கு 2.5 கிராம் சர்க்கரைக்கு மேல் இருக்கக் கூடாது. தண்ணீர் சேர்க்காத பாலில் செய்த எந்தப் பானமும், சீனியே போடாவிட்டாலும், லாக்டோஸ் காரணமாகவே இந்த வரம்பைத் தாண்டிவிடும். ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர் விட்டுக் கடைந்த நீர்மோர் தாண்டாது. சட்டத்தின் அளவுகோலை எந்தச் சிரமமும் இல்லாமல் எட்டுவது நம் வீட்டு மோர்தான். 'சர்க்கரை குறைக்கப்பட்டது' என்பது வேறு வாசகம்: இன்னொரு பொருளோடு ஒப்பிட்டால் 25 சதவீதமாவது குறைவு என்றுதான் அர்த்தம். ஒப்பிட்ட பொருளே பாயசம் மாதிரி இருந்தால், குறைத்த பிறகும் அது இனிப்புதான். சீனிக்குப் பதில் செயற்கை இனிப்பூட்டி போட்டிருந்தால் அதன் பெயரையும் லேபிளில் சொல்லியாக வேண்டும். உடல் எடையைக் கட்டுப்படுத்த இத்தகைய இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவுறுத்தியது.

அடுத்தது, உள்ளே இருப்பவை உயிரோடு இருக்கின்றனவா என்பது. ஜப்பானில் கியோட்டோவில் ஷிரோடா என்ற மருத்துவர் 1930-இல் ஒரு பாக்டீரியா வகையை வளர்த்தெடுத்தார். 1935-இல் அது யாகுல்ட் என்ற பாட்டிலாக விற்பனைக்கு வந்தது. இன்று இந்தியாவில் விற்கும் அதன் 65 மில்லி பாட்டிலில் 650 கோடிக்கு மேல் என்று எண்ணிக்கை போட்டிருக்கிறது. சர்க்கரையைப் பற்றிய கேள்வி அதற்கும் உண்டு. அந்த நிறுவனமே 'லைட்' என்று சர்க்கரை குறைந்த ஒன்றையும் விற்கிறது. எண்ணிக்கையும் பாக்டீரியாவின் முழுப் பெயரும் போடுவது நல்ல பழக்கம். எந்த இனம், எந்த ரகம், காலாவதி நாளில் எத்தனை உயிரோடு இருக்கும் என்பதெல்லாம் லேபிளில் இருக்க வேண்டும் என்று ஐ.சி.எம்.ஆரும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2011-இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. வெறுமனே 'நல்ல பாக்டீரியா நிறைந்தது' என்று எழுதிவிட்டுப் பெயரையும் எண்ணையும் மறைக்கும் பாட்டிலுக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை.

ஃபிரிட்ஜுக்கு வெளியே மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும் அட்டைப்பெட்டி மோரையும் லஸ்ஸியையும் புளித்த பிறகு மறுபடி சூடாக்கியிருப்பார்கள். சூட்டில் பாக்டீரியா செத்துவிடும். அதில் தவறில்லை, தாகத்துக்குக் குடிக்கலாம். உயிருள்ள கிருமிக்காகக் குடிக்கிறோம் என்று மட்டும் நினைத்துக்கொள்ள வேண்டாம். (மோர்க்குழம்புக்கும் இதே கதிதான்.) உயிருள்ள வகையாக இருந்தால் குளிர் விடாமல் இருக்க வேண்டும். இரவில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க ஃபிரிட்ஜை அணைத்துவைக்கும் கடையில், மே மாதத்தில், பாட்டில் உப்பியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்ததற்கு என்று எம்.ஆர்.பி.க்கு மேல் இரண்டு ரூபாய் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அதை வாங்கக் கடைக்காரருக்கு உரிமை இல்லை.

சரி, குடலுக்கு உண்மையில் என்ன நன்மை? விளம்பரம் சொல்வதைவிடக் குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை. பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களுக்கு உயிருள்ள யோகர்ட் பாக்டீரியா லாக்டோஸைச் செரிக்க உதவுகிறது. புரோபயாடிக் பற்றி வந்த உரிமைகோரல்களில் பெரும்பாலானவற்றை நிராகரித்த ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2010-இல் இதை மட்டும் ஏற்றுக்கொண்டது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், பத்து வாரம் தயிர், கெஃபிர் போன்ற புளித்த உணவுகளை நிறையச் சாப்பிட்டவர்களின் குடலில் நுண்ணுயிர் வகைகள் பெருகின, அழற்சியின் அடையாளங்கள் குறைந்தன. ஆனால் அந்த ஆய்வில் பங்கெடுத்தவர்கள் மொத்தம் 36 பேர். அவர்களிலும் பாதிப் பேர்தான் புளித்த உணவு சாப்பிட்டவர்கள். மற்றவர்களுக்கு நார்ச்சத்து உணவு. மறுபக்கம், அமெரிக்க இரைப்பைக்குடலியல் சங்கம் 2020-இல் பெரும்பாலான குடல் நோய்களுக்கு புரோபயாடிக்கைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்க ஆதாரம் போதாது என்றது. ஆகவே தினசரி உணவில் ஒரு டம்ளர் சேர்த்துக்கொள்ளலாம்; மருந்தை நிறுத்திவிட்டு இதைக் குடிப்பது ஆபத்து. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு என்றால் போக வேண்டியது மருத்துவரிடம்.

எல்லோருக்கும் ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கு 1954-லிருந்து நாடெங்கும் இருந்து நோயாளிகள் வருகிறார்கள். அவர்களைப் போல கீமோதெரபி எடுத்துக்கொண்டிருப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், வெள்ளணு குறைந்தவர்கள் ஆகியோருக்கு உயிருள்ள பாக்டீரியாவே தொற்றாக மாறலாம். அபூர்வம்தான், ஆனால் நடந்திருக்கிறது. பார்க்க வரும் உறவினர்கள் அன்போடு வாங்கி வரும் கெஃபிர் பாட்டிலை, சிகிச்சை தரும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. சிப்ரோஃப்ளாக்சசின், டெட்ராசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகளைப் பால், தயிரோடு சேர்த்து விழுங்கினால் மருந்து சரியாக உடலில் சேராது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்கள் மசாலா மோரில் சோடியம் வரியைப் பார்க்க வேண்டும். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். நாள் முழுவதற்குமான உப்பு ஐந்து கிராமுக்குள் இருக்க வேண்டும்.

கோடையில் வீதிக்கு வீதி வைக்கும் நீர்மோர்ப் பந்தலில் பயப்பட வேண்டியது தயிருக்கு அல்ல, தண்ணீருக்கும் ஐஸுக்கும். சாப்பிடத் தகாத ஐஸில் நீல நிறம் கலக்க வேண்டும் என்று 2018 முதல் உத்தரவு இருக்கிறது. அந்த ஐஸ் மோர்ப் பானைக்குள் போகக் கூடாது என்பதற்காகத்தான். கட்சிக்காரர்கள் வைத்தாலும் கோயில்காரர்கள் வைத்தாலும், ஐஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

என் தீர்ப்பு வீட்டு மோருக்குத்தான். காய்ச்சி ஆறிய பாலில் ஒரு ஸ்பூன் உறை ஊற்றி வைத்தால் சென்னை வெயிலில் சில மணி நேரத்தில் தோய்ந்துவிடும். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் விட்டுக் கடைந்து, இஞ்சி, கறிவேப்பிலை, சிட்டிகை உப்பு. எந்த ரகம், எத்தனை கோடி என்று எண்ணாததால் சட்டப்படி இதை புரோபயாடிக் என்று சொல்ல முடியாது. உயிர் இருக்கிறது, சேர்த்த சர்க்கரை இல்லை, விலையும் குறைவு. இனிப்பு கேட்கும் குழந்தைக்கு இரண்டு துண்டு வாழைப்பழம் போட்டு அடித்துக் கொடுத்தால் போதும்.

வாங்கித்தான் ஆக வேண்டும், வாங்கியதில் ஏமாற்றம் என்றால் வழி இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பொய் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரையும், தவறான லேபிளுக்கு மூன்று லட்சம் வரையும் அபராதம் உண்டு. அந்தச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு, வாங்கியவரே கட்டணம் கட்டிப் பொருளை அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கத் தரலாம் என்கிறது. குறை உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அதிகம் பேருக்குத் தெரியாத பிரிவு இது. 'ஹெல்த் டிரிங்க்' என்ற வகையே சட்டத்தில் இல்லை. பால் சார்ந்த பானங்களை அந்தத் தலைப்பில் விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2024 ஏப்ரலில் இணைய வணிக நிறுவனங்களுக்குச் சொல்லிவிட்டது. செயலியில் இன்னும் அப்படிப் பார்த்தால் திரைப்பிடி எடுத்து வையுங்கள். புகார் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று நினைப்பவர்கள் ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷை நினைத்துப் பார்க்கலாம். சர்க்கரை மிகுந்த பானங்களை, வயிற்றுப்போக்கில் நீரிழப்புக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலின் பெயரில் விற்பதை எதிர்த்து அவர் பல ஆண்டுகள் போராடினார். 2025 அக்டோபரில் அந்தப் பெயருக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தடை போட்டது.

பில்லையும் காலி பாட்டிலையும் தூக்கிப் போடாதீர்கள். 14 இலக்க உரிம எண், தொகுப்பு எண், காலாவதி தேதி மூன்றும் தெரிகிற மாதிரி படம் எடுத்து, தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புங்கள். விலை, ஏமாற்று விற்பனை பற்றியென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. காலக்கெடு இரண்டு ஆண்டு.