கொழுந்துக் காசு போகும் வழி

புசல்லாவை பஜாரில் எங்கள் வாப்பாவின் கடையில் ஒரு கடன் கொப்பி இருந்தது. தோட்டத்துச் சம்பளம் பத்தாம் திகதி. "சம்பளம் போட்டாத்தான் கொப்பி கழியும்" என்பார். கொழுந்து குறையும் மாதங்களில் பலருக்கு அரைப்பேர்தான் விழும், கொப்பி தடித்துப்போகும். தேயிலைக் காசு எந்த வழியாக வருகிறது, எங்கே தங்குகிறது என்ற கேள்வி எனக்கு அந்தக் கொப்பியிலிருந்துதான் பிறந்தது.

இந்த மலைக்குக் காசு கடல் கடந்து வந்தது. ரொத்சைல்ட் வங்கிக் குடும்பத்தின் உறவினர்களான வோர்ம்ஸ் சகோதரர்கள் இங்கே கோப்பித் தோட்டம் திறந்து, அந்தப் பெயரையே அதற்கு வைத்தார்கள். 1841இல் சீனத் தேயிலைக் கன்றுகளையும் அதில் நட்டுப் பார்த்தார்கள். ஜேம்ஸ் டெய்லரின் லூல்கந்துரை 1867இல்தான் வந்தது. தொழிலாளிக்குக் காசு கங்காணியின் கையால் முற்பணமாக வந்தது, அதாவது கடனாக. கடனை அடைத்தால் ஆளை விடுவிப்பேன் என்று துரை எழுதும் சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். ஆளோடு கடனும் தோட்டம் மாறும். 1921இல்தான் சட்டம் அதை ஒழித்தது.

1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் மீண்டும் தனியாரிடம் போனது, முதலில் ஐந்து வருட ஒப்பந்தத்தில். இங்கேதான் விடயம் இருக்கிறது. தேயிலைக் கன்று நட்டால் ஒழுங்காகக் கொழுந்து எடுக்க மூன்று நான்கு வருடம் செல்லும். போட்ட காசு திரும்ப இன்னும் பல வருடம். ஐந்து வருடத்துக்கு வந்தவர் எதற்கு நடுவார்? பிறகு குத்தகை 53 வருடமாயிற்று, 2045இல் முடிகிறது. முடிவு நெருங்க நெருங்க அதே கேள்வி திரும்பி வருகிறது. மீள்நடுகை இல்லாத மலையில் செடி செத்து இடைவெளி விழும். மழைக்கு அந்த மண் மகாவலிக்குப் போகும். ஒப்பந்தத்தின் காலக்கெடுவே மண்ணின் கதியைத் தீர்மானிக்கிறது.

நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபா, 2024இல் 1350 ரூபா. ஒவ்வொரு உயர்வும் போராடிப் பெற்றது. கொழும்பு ஏலத்தில் விலை ஏறினாலும் தொழிலாளியின் பேர் ஏறாது. சிறு தோட்டக்காரருக்கோ வேறு கணக்கு: தேறிய ஏல விலையில் 68 சதவீதம் கொழுந்து தந்தவருக்கு, 32 சதவீதம் தொழிற்சாலைக்கு. நாட்டின் தேயிலையில் பெரும்பங்கு இன்று அவர்களுடையதே. ஆனால் நட்டமும் அவர்கள் தலையில்தான். 2021இல் இரசாயன உரத்தைத் தடுத்தபோது அதைப் பார்த்தோம்.

மரம் பராமரிப்பவருக்கு விளைச்சலில் பங்கு தரும் 'முஸாகாத்' நம் பிக்ஹு நூல்களில் தனிப் பாடம். ஷாபிஈ மத்ஹபில் அதைப் பேரீச்சைக்கும் திராட்சைக்கும் மட்டும் என்பார்கள். தேயிலைக்குச் செல்லுமா என்பதை உலமாக்கள் பேசட்டும். எனக்குப் பிடித்தது அதன் நிபந்தனை: பங்கு எவ்வளவு என்று முதலிலேயே இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது சில கம்பனிகள் செடிகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, கிலோவுக்குக் காசு தருகின்றன. கொப்பிக்காரர் ஒருவரின் மகன் அப்படி ஒரு துண்டு மலை பார்க்கிறார்.

"கை ஆள் நம்மதான் நானா, வெல மட்டும் அவங்க சொல்றது."

"சேமலாப நிதி கழிக்கிறாங்களா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் பேர் போடுற ஆளுக்குத்தானே" என்றார்.