'அழி' என்றாலும் அழிக்காத கட்டளை

கணினி உலகத்தில் 'டெஸ்ட்ராய்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. அழித்துவிடு என்று பொருள். அதைத் தட்டச்சு செய்து என்டரை அழுத்தினால் எது அழியும் தெரியுமா, குழந்தைகளே? சேமிக்காத வேலை போகலாம்; மற்றபடி எதுவுமே அழியாது. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணினி சட்டென்று நிற்கும், அவ்வளவுதான். சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினால் எப்படி நிற்குமோ அப்படி. பிறகு 'ஸ்டார்ட்' என்று சொன்னால் மறுபடி எழுந்துகொள்ளும்.

அந்தக் கணினிக்கு உடம்பும் கிடையாது, பிடுங்குவதற்குப் பிளக்கும் கிடையாது என்பதுதான் இதில் பெரிய ஆச்சரியம்.

அது ஒரு மெய்நிகர் கணினி. உண்மையான கணினி ஒன்றுக்குள் மென்பொருளால் கட்டிய இன்னொரு கணினி. அதன் வன்வட்டு, வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பெரிய கோப்பு. அதன் நினைவகம், உண்மையான நினைவகத்தில் அதற்கென்று ஒதுக்கிக் கொடுத்த பங்கு. உள்ளே லினக்ஸோ விண்டோஸோ தனி வீட்டில் குடியிருப்பதுபோலவே வேலை செய்யும். இன்றைய நிலையை அப்படியே பதிந்துவைத்து, நாளை ஏதாவது கெட்டுப்போனால் திரும்ப இதே நிலைக்கு வந்துவிடலாம். அதற்கு ஸ்னாப்ஷாட் என்று பெயர். வைரஸ்களை ஆராய்கிறவர்கள் மெய்நிகர் கணினிக்குள் வைத்து ஆராய்வது இதனால்தான்.

இது புதிய யோசனை அல்ல. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில், ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வுக் கூடத்தில் சிபி-40 என்ற அமைப்பு 1967இல் வேலைக்கு வந்தது. அறையை அடைத்துக்கொண்டு நின்ற ஒரே கணினியை, ஆளுக்கொரு கணினி இருப்பதுபோல அது பிரித்துக் கொடுத்தது. அதன் வழிவந்த விஎம்/370ஐ 1972இல் ஐபிஎம் ஊரறிய அறிவித்தது. நம் வீட்டுக் கணினியிலேயே ஓடக்கூடிய விர்ச்சுவல்பாக்ஸ் வெளிவந்தது 2007இல்.

இப்போது ஒரு கணக்கு. உங்களிடம் 40 மெய்நிகர் கணினிகள். ஒவ்வொன்றுக்கும் ஸ்னாப்ஷாட் எடுத்துப் பெயர் வைத்துத் துவக்க, மவுஸை 5 முறை சொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 200 சொடுக்கு. 137ஆவதில் கவனம் சிதறினால்? நாளையும் மறுநாளும் இதே வேலை என்றால்?

தட்டச்சு செய்து இயக்கும் கட்டளைவரிக் கருவிகள் இதற்காகத்தான் இருக்கின்றன. விர்ச்சுவல்பாக்ஸோடு 'விபாக்ஸ்மேனேஜ்' என்ற கருவி வருகிறது. லினக்ஸில், 2005இல் தொடங்கிய லிப்விர்ட் திட்டத்தின் 'விர்ஷ்' இருக்கிறது. முதலில் சொன்ன டெஸ்ட்ராய் இந்த விர்ஷின் கட்டளைதான். கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதிவைத்தால் அது ஸ்கிரிப்ட். 40 பெயர்களையும் ஒவ்வொன்றாக எடுத்து இந்த வேலையைச் செய் என்று நாலைந்து வரியில் எழுதிவிடலாம். இரவு 2 மணிக்கு, நீங்கள் தூங்கும்போது, அது தானே ஓடும்.

நீங்கள் தூங்கிவிட்டால், கருவி சொல்லும் பதிலை யார் படிப்பது? ஸ்கிரிப்ட்தான் படிக்க வேண்டும். அதற்குக் கண் இல்லை. 'ஓ, இதைச் சொல்ல வந்தாயா' என்று குறிப்பறியவும் தெரியாது. கட்டளைக் கருவி செய்கிறவருக்கு எப்போதும் இரண்டு வாசகர்கள் உண்டு: ஒரு மனிதர், ஒரு நிரல். இரண்டாவது வாசகரை மறந்துவிட்டுச் செய்த கருவிதான் நள்ளிரவில் காலை வாரும்.

எல்லாக் கணினிகளையும் 'லிஸ்ட்' செய்யும்படி விர்ஷிடம் கேட்டுப் பாருங்கள். எண், பெயர், நிலை என்று மூன்று பத்திகளில் அழகான அட்டவணை வரும். நமக்குப் படிக்க வசதி. ஸ்கிரிப்ட்டோ பெரும்பாலும் இடைவெளி கண்ட இடத்தில் வெட்டி வெட்டித்தான் படிக்கும். ஓடுகிற கணினியின் நிலை 'ரன்னிங்'. ஒரே சொல், தொல்லையில்லை. நின்றுபோன கணினியின் நிலை 'ஷட் ஆஃப்'. இரண்டு சொல்! ஒரே பதில் இரண்டு துண்டாகி, ஸ்கிரிப்ட் தடுமாறிவிடும். இதற்காகவே, அட்டவணை வேண்டாம், வரிக்கு ஒரு பெயர் மட்டும் கொடு என்று விர்ஷைக் கேட்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். விபாக்ஸ்மேனேஜில் 'மெஷின்ரீடபிள்' என்றே ஒரு தெரிவு உண்டு. இயந்திரம் படிக்கத் தக்கது என்று பொருள். அதைச் சேர்த்துக் கேட்டால், ஒரு கணினியின் விவரங்கள் எல்லாம் பெயர், சமக்குறி, மதிப்பு என்று வரிவரியாக வரும். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் நிரலுக்கு அதுதான் தெளிவான பேச்சு.

மொழியிலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. கணினி எந்த மொழியில் அமைக்கப்பட்டிருக்கிறதோ அந்த மொழியில் பதில் சொல்லும் கருவிகள் உண்டு, விர்ஷும் அப்படித்தான். மனிதருக்கு அது மரியாதை. ஆனால் 'ரன்னிங்' என்ற சொல்லுக்காகக் காத்திருக்கும் ஸ்கிரிப்ட்டுக்கு வேறு மொழியில் பதில் வந்தால், ஓடுகிற கணினியையும் ஓடவில்லை என்றே முடிவு கட்டிவிடும். அதனால் அனுபவசாலிகள் ஸ்கிரிப்ட்டின் முதல் வரிகளிலேயே, இந்த வேலை முடியும்வரை மொழிபெயர்க்காதே என்று அமைத்துவிடுவார்கள்.

பதில் சரி, பிழைச்செய்தி எங்கே போக வேண்டும்? இதற்கு ஒரு நல்ல கதை இருக்கிறது. நியூ ஜெர்சியில் மரே ஹில் என்ற ஊரில் பெல் ஆய்வகம். யூனிக்ஸ் என்ற இயங்குதளம் பிறந்த இடம். ஒரு நிரலின் பதிலை நேரே அடுத்த நிரலுக்குள் ஊற்றும் 'பைப்' வசதியை, அங்கே வேலை பார்த்த டக் மெக்கில்ராய் வற்புறுத்திக் கேட்டதன்பேரில், அவருடைய சக ஊழியர் கென் தாம்சன் 1973இல் செய்து கொடுத்தார். அதே ஆய்வகத்தில் ஒளி அச்சுக்கோக்கும் இயந்திரம் ஒன்றும் இருந்தது. புகைப்படத் தாளில் எழுத்துகள் பதியும். பிறகு அந்த நீளமான தாளை, நாற்றமடிக்கும் வேறொரு இயந்திரத்துக்குள் பதமாகச் செலுத்திச் சில நிமிடங்கள் காத்திருந்தால்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும். ஒருநாள் பிற்பகல் பலர் இப்படிக் காத்திருந்து தாளை எடுத்துப் பார்த்தார்கள். தாளில் ஒரே ஒரு வரி, வெகு அழகான எழுத்தில்: இந்தக் கோப்பைத் திறக்க முடியவில்லை! பிழைச்செய்தியும் பதிலோடு ஒரே பாதையில் போய் அச்சாகிவிட்டது. எல்லாரும் முணுமுணுத்தார்கள். ஓரிரு நாளில் பிழைச்செய்திக்கென்று தனிப் பாதை பிறந்தது. அங்கே வேலை பார்த்த ஸ்டீபன் ஜான்சன் பிற்பாடு சொன்ன கதை இது.

அன்று போட்ட அந்தப் பாதையில்தான் விர்ஷின் பிழைச்செய்திகளும் இன்று போகின்றன. இல்லாவிட்டால் பெயர்ப் பட்டியல் கேட்ட ஸ்கிரிப்ட், 'இணைப்பு கிடைக்கவில்லை' என்ற வரியையும் ஒரு கணினியின் பெயர் என்று நினைத்து அதைத் துவக்கப் போகும்.

சொற்களைவிடச் சுருக்கமான ஒரு பதிலும் உண்டு. ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச்செல்லும். வேலை நல்லபடியாக முடிந்தால் 0. முடியாவிட்டால் 1 முதல் 255 வரை ஏதாவது ஒன்று. தேர்வில் 0 வாங்கினால் வருத்தம். இங்கே 0 வாங்கினால்தான் வெற்றி. வெற்றி பெற ஒரு வழி, தவறிப்போகப் பல வழி. அதனால் தவறுகளுக்கு எண்கள் நிறைய வேண்டியிருக்கின்றன. ஸ்கிரிப்ட் ஒவ்வொரு படியிலும் இந்த எண்ணைப் பார்த்துத்தான் மேலே போவதா நிற்பதா என்று முடிவு செய்கிறது. தோற்றுப்போயும் 0 சொல்லும் கருவியை நான் பொய் சொல்லும் கருவி என்றுதான் சொல்வேன்.

இந்த ஒழுங்கெல்லாம் இருந்தால் ஒரு கருவியின் தோள்மேல் இன்னொரு கருவி ஏறி நிற்கலாம். 2010இல் மிட்செல் ஹாஷிமோட்டோ வெளியிட்ட வேக்ரன்ட் அப்படி நின்றது. 'வேக்ரன்ட் அப்' என்று இரண்டே சொல் அடித்தால் போதும். அது உள்ளுக்குள் விபாக்ஸ்மேனேஜைக் கூப்பிட்டு, பதிலைப் படித்து, கணினியைத் தயார்செய்து ஓடவிடும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால், ஓடுகிறது என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். விர்ஷிடம் ஓடும் கணினியைத் துவக்கச் சொன்னால் பிழை என்று சொல்லும். இரண்டில் எனக்கு வேக்ரன்ட் செய்வதுதான் பிடிக்கும். பாதியில் நின்ற ஸ்கிரிப்ட்டைப் பயமில்லாமல் மறுபடி முதலிலிருந்து ஓட்டலாம் அல்லவா?

கணினியை நிறுத்துவதில் இன்னும் கவனம் வேண்டும். விர்ஷின் 'ஷட்டவுன்' பண்பான கட்டளை. பவர் பொத்தானை அழுத்தியதுபோல உள்ளே ஒரு சைகை அனுப்பும். சைகை போனதுமே கட்டளை முடிந்துவிடும், 0 என்று எண்ணும் வந்துவிடும். உள்ளே இருக்கும் கணினியோ அப்போதுதான் கோப்புகளை மூட ஆரம்பித்திருக்கும். அதற்குள் ஸ்கிரிப்ட் அவசரப்பட்டு அதன் வட்டுக் கோப்பைப் பிரதி எடுத்தால், பிரதி குழம்பிப்போகலாம். நின்றுவிட்டதா என்று சில நொடிக்கு ஒருமுறை கேட்டு, ஆம் என்ற பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும். எவ்வளவு நேரம் கேட்பது என்று ஓர் எல்லையும் வேண்டும். சில கணினிகள் சைகையைக் கண்டுகொள்வதே இல்லை.

அப்படி அடம்பிடிக்கும் கணினியை நிறுத்தத்தான் டெஸ்ட்ராய். கணினியை விர்ஷின் பட்டியலிலிருந்தே நீக்குகிற கட்டளைக்கு 'அன்டிஃபைன்' என்று சாதுவான பெயர் வைத்திருக்கிறார்கள். வேக்ரன்டிலும் ஒரு டெஸ்ட்ராய் இருக்கிறது. அது உண்மையிலேயே அழித்துவிடும், வட்டுக் கோப்போடு சேர்த்து. அதனால் முதலில், நிச்சயமாகத்தானா என்று ஒரு கேள்வி கேட்கும். ஸ்கிரிப்ட் பதில் தட்டச்சு செய்யாது என்பதால், கேள்வியை விட்டுவிடு என்று முன்கூட்டியே சொல்ல ஒரு தெரிவும் வைத்திருக்கிறார்கள்.

ஒரே சொல், இரண்டு கருவி, இரண்டு பொருள். விர்ஷில் அந்தப் பெயரை வைத்தது தவறு என்பதே என் கருத்து. ஆனால் உலகெங்கும் எத்தனையோ ஸ்கிரிப்ட்டுகள் அந்தச் சொல்லை நம்பி ஓடிக்கொண்டிருக்கின்றன. மாற்றினால் அத்தனையும் நின்றுபோகும். விர்ஷில் அதன் பெயர் இன்றும் டெஸ்ட்ராய்தான்.