மக்கட்பெயரும் அடிமைத்திறமும்

மக்களுக்கு இடும் பெயர் இடுகுறியோ காரணமோ என்பது ஆராயத்தக்கதொரு வினாவாம். நன்னூலார் பெயர்களை இடுகுறி, காரணம் என இருகூறாக்கினார். மரம் என்பது இடுகுறி. பறவை என்பது காரணம். பிறந்த மகவுக்குப் பெற்றோர் இடும் பெயர் இவற்றுள் எதன்பாற்படும்? பெயரிடும் நாளில் மகவின் குணமும் செயலும் வெளிப்படாமையின், அவை பற்றிய காரணம் மகவினிடத்து இல்லை. பெற்றோர் பொருளறிந்தே இடுதலின், அது வெற்றிடுகுறியும் அன்று. இவ்வையத்தைத் தீர்த்தற்கு நாயன்மார் வரலாறு பெருந்துணையாகும்.

கண்ணப்பர்க்குத் தந்தை நாகனார் இட்ட பெயர் திண்ணனார். எடுத்த கைக்கு மகவு திண்ணென்று இருந்தமையே அதற்குக் காரணம். இஃது உடம்பு பற்றிய பெயர். காளத்தியில் தம் கண்ணையே இடந்து அப்பியபின் இறைவன் அழைத்த கண்ணப்பன் என்னும் பெயரோ அன்பு பற்றியது. ஒருவர்க்கே உரிய இவ்விரு பெயர்களும் உடம்பினின்று அன்பிற்குச் சென்ற உயிரின் வழியைக் காட்டுகின்றன.

திருவாமூரில் புகழனார்க்கும் மாதினியார்க்கும் தோன்றியவர் மருணீக்கியார். மருளை நீக்குபவர் என்பது அப்பெயரின் பொருள். அவரே சமணம் புக்குத் தருமசேனர் எனப் பெயர் பெற்றார். சூலைநோய் தீர்ந்து திருவதிகையில் இறைவனால் நாவுக்கரசர் எனப் பெற்ற பின்னரே, பெற்றோர் இட்ட முதற்பெயர் தன் பொருளை எய்திற்று. ஆகலின், மகவுக்கு இடும் பெயரின் காரணம் சிலபோது பெயர்க்குப் பின்னே வருவதாகும் என்க. இடும்போது அது பெற்றோரின் வேட்கை. நிறைவேறியபோது அது திருவருளின் செயல்.

இனி, குடிவழியாக வரும் பெயரை நோக்குவாம். பேரன் என்னும் சொல் பெயரன் என்பதன் மரூஉ. பாட்டன் பெயரைத் தாங்குவோன் என்பது கருத்து. சடையனார்க்கும் இசைஞானியார்க்கும் பிறந்த நம்பியாரூரர் தம் பாட்டனார் பெயரையே தாங்கியவர். புத்தூரில் மணவினையைத் தடுத்த முதியவர் திருவெண்ணெய்நல்லூர் அவையில் காட்டிய மூலவோலை, ஆரூரன் என்னும் அப்பாட்டனார் தாமும் தம் வழிவந்தோரும் அடிமையென எழுதிக்கொடுத்ததாக இருந்தது. அவையத்தார் பாட்டனாரின் வேறோர் எழுத்தோடு ஒப்புநோக்கி அதனை மெய்யெனத் துணிந்தனர்.

அற்றேல், பெயர் ஒத்தமையாலோ அவர் அடிமையாயினார் எனின், அன்று. ஓலையின் வலி வழிவந்தமை பற்றியது. பெயர் அவ்வழிக்கு அடையாளமாத்திரையே. குடிப்பெயரால் உலகத்தார் தம் பெருமையையும் உடைமையையும் பாராட்டுவர். நம்பிகட்கோ பாட்டனார் வழிவந்த பொருள் அடிமைத்திறமே. திருத்தொண்டத்தொகையின் இறுதிப்பாடல் ஒழிந்த பாடல்தோறும் அவர் தம்மை ஆரூரன் எனக் கூறி ஆளென்று முடிப்பதும், இறுதிப்பாடலில் தந்தை பெயரோடு தாய் பெயரையும் சேர்த்துரைப்பதும் ஈண்டு நினைக்கத்தக்கன.

திங்களூர் அப்பூதியடிகள் இதனினும் ஒருபடி மேற்சென்றார். திருநாவுக்கரசரை நேரிற் காணுமுன்னரே தம் மக்கள் இருவர்க்கும் மூத்த திருநாவுக்கரசு, இளைய திருநாவுக்கரசு எனப் பெயரிட்டார். தண்ணீர்ப்பந்தர்க்கும் அப்பெயரே இட்டார். ஈண்டுப் பெயர் குருதிவழியை விடுத்து அன்பின்வழியைப் பற்றியது காண்க.

ஆசிரியன்பாற் பெறும் பெயர் இவற்றின் வேறு. சமயதீக்கையில், கண்மறைத்த மாணாக்கன் மண்டலத்து இட்ட மலர் இறைவனது எம்முகத்தின்பால் விழுகின்றதோ அம்முகத்திற்கேற்பப் பெயரிடும் முறை ஆகம மரபில் உண்டு. ஈசானசிவர், அகோரசிவர் முதலிய ஆசிரியப்பெயர்கள் இவ்வகையின. அச்சுத களப்பாளரின் புதல்வர் திருவெண்காட்டிறைவன் பெயரால் சுவேதவனப்பெருமாள் எனப்பட்டார். களப்பாளர் என்பது குடிப்பெயர், சுவேதவனப்பெருமாள் பிள்ளைப்பெயர், பரஞ்சோதி முனிவர் அருளிய மெய்கண்டார் என்பதே ஞானப்பெயர். முனிவரின் ஆசிரியராகிய சத்தியஞானதரிசனிகளின் பெயர்ப்பொருளே அதன்கண் தமிழாய் நின்றது. ஈண்டும் ஒரு வழிவழிப்பெயர் உண்டு; ஆயின் அவ்வழி ஞானவழி.

உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது என்பது சித்தாந்தத் துணிபு. உடம்பைச் சார்ந்துழி உடம்பின் பெயரும், குடியைச் சார்ந்துழிக் குடியின் பெயரும், திருவடியைச் சார்ந்துழி அடிமைப்பெயரும் அஃது எய்துதல் இதனாற் பெறப்படும்.

இக்காலத்துத் தமிழர் பலர் தந்தைபெயரின் முதலெழுத்தைத் தம் பெயர்க்கு முன் வைக்கின்றனர். அயல்நாடுகளில் வாழ்வார்க்கு அத்தந்தைபெயரே குடிப்பெயராய் நிலைத்தலும் உண்டு. எழுத்து எவ்வாறு நிற்பினும், பெயரின் பொருளை மகவுக்கு உணர்த்துதல் பெற்றோர் கடன். ஆரூரன் என அழைக்கப்படும் சிறுவன் அவ்வோலையின் வரலாற்றைக் கேட்டறிந்தானாயின், அப்பெயர் அவன்மாட்டு இடுகுறியாய் ஒழியாது.